கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

பெக் பதற்ற அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. ஆரன் பெக்கும் அவருடைய குழுவினரும் 1988-ல் வெளியிட்டது. 21 வரிகள், வரிக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 63. உலகம் முழுக்க மனநலப் பிரிவுகளில் புழங்குகிற தாள். அதில் ஒரு வரி கை நடுக்கம். இன்னொன்று கால் தள்ளாட்டம். மரத்துப்போதல், தலைசுற்றல், வியர்வை, அஜீரணம், உடம்பைத் தளர்த்தி உட்கார முடியாமை என்று பட்டியல் நீளும். ஆரோக்கியமான முப்பது வயதுக்காரர் இவற்றுக்கெல்லாம் ஆமாம் போட்டால் அவருக்குப் பதற்றம் இருக்கிறது என்று சொல்லலாம். பார்க்கின்சன் நோயாளி ஆமாம் போட்டால், அவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதைத்தான் ஏற்கெனவே மருத்துவர் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறாரே.

நான் மருத்துவ உளவியலாளர். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலிருந்து என்னிடம் நோயாளிகளை அனுப்புவார்கள். மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: பதற்றம் உண்டா, எவ்வளவு? பணியில் சேர்ந்த புதிதில் என் அறையின் அலமாரியில் இருந்தது பெக் தாள்தான். ஒரு பெரியவரிடம் அதைப் படித்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். பாதியில் கையை மேசைமேல் தூக்கி வைத்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"கை நடுங்குதான்னு கேக்குறீகளேம்மா, அதுக்குத்தான இந்த ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கேன்?"

அவர் கேட்டதில் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் சாரம் இருந்தது. பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் நெய்யை நிறுத்தால் வருகிற கணக்குதான் இந்தத் தாள் தருவது. நோய் முற்ற முற்ற மதிப்பெண் ஏறும். நாம் பதற்றம் ஏறுகிறது என்று எழுதிக்கொண்டிருப்போம்.

மற்ற அளவுகோல்களும் பெரிய வித்தியாசமில்லை. மேக்ஸ் ஹாமில்டன் 1959-ல் உருவாக்கியது 14 தலைப்புகள் கொண்டது. நேர்காணல் செய்பவரே மதிப்பெண் போட வேண்டும். தசை இறுக்கம், குரல் நடுக்கம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், தூக்கமின்மை எல்லாம் அதில் பதற்றத்தின் கணக்கில் வருகின்றன. பார்க்கின்சன் வந்தவருக்கு இவற்றில் எது இல்லை? கடைசித் தலைப்பு இன்னும் விசேஷம். பேட்டியின்போது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார், நெளிந்தாரா, முகம் இறுகியிருந்ததா என்று நாமே பார்த்து எழுத வேண்டும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களில் பலருக்குத் தலையும் தோளும் தாமாக நெளியும். அது மருந்தின் விளைவு, மனம் அமைதியாகவே இருக்கலாம். முகமோ நேர்மாறு. நோயால் முகத் தசைகள் அசைவற்றுப் போயிருக்கும். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவர் வெளியே கல்லுப் போல உட்கார்ந்திருப்பார். ஹாமில்டன் தாளை வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்து எழுதினால் இரண்டு பேரையும் தலைகீழாகத்தான் எழுதுவோம்.

ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983-ல் பொது மருத்துவமனைகளுக்கென்று செய்த தாள் கொஞ்சம் விவரமானது. உடல்நோய் உள்ளவர்களுக்கு என்று தெரிந்தே உடல் அறிகுறிகளைத் தள்ளிவைத்தார்கள். பதற்றத்துக்கு ஏழு கேள்வி, மனச்சோர்வுக்கு ஏழு. ஆனால் அதிலும் ஒரே இடத்தில் இருக்க முடியாமல் தவிப்பு உண்டா என்று ஒரு கேள்வி நுழைந்திருக்கிறது. மனச்சோர்வுப் பக்கத்தில், எல்லாம் மெதுவாகிவிட்டது போல இருக்கிறதா என்று இன்னொன்று. மெதுவாவதுதானே இந்த நோயே!

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து எழுதிய சிறு நூலில், புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியின் நிழலில் ரொம்ப காலம் கழிந்துவிட்டது. நடுக்கம் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது, அது இயற்கை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பலருக்குக் கை நடுங்குவதற்கு வருடங்கள் முன்பே பதற்றம் வந்துவிடுகிறது. இன்ன நோய் என்றே தெரியாதபோது எதை நினைத்துப் பயந்திருப்பார்கள்? டோபமின் சுரக்கிற செல்கள் மட்டுமல்ல, மூளைத் தண்டில் நாரட்ரினலின், செரட்டோனின் சுரக்கிற இடங்களும் இந்த நோயில் அழிகின்றன. பயத்தின் கடிவாளத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு. 2016-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, பார்க்கின்சன் நோயாளிகளில் சராசரியாக 31 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். புறநோயாளி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் அதிகம் என்றே தோன்றும்.

2008-ல் இயக்கக் கோளாறுகளுக்கான சர்வதேசச் சங்கத்தின் குழு ஒன்று கையிலிருந்த அளவுகோல்களைப் பரிசீலித்தது. பார்க்கின்சனுக்கு இதைப் பயன்படுத்துங்கள் என்று தைரியமாகச் சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை. அந்தக் குழுவில் முன்னின்ற நெதர்லாந்தின் ஆல்பர்ட் லீன்ட்யென்ஸும் கூட்டாளிகளும்தான் 2014-ல் பார்க்கின்சனுக்கென்றே ஒரு தாளைக் கொண்டு வந்தார்கள். 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 48. கடந்த நான்கு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஐந்து கேள்விகள் எந்நேரமும் இருக்கிற கவலை பற்றி. நான்கு, திடீரென்று வந்து போகிற பீதி பற்றி. கடைசி மூன்றும் பயத்தால் எதை எதைத் தவிர்க்கிறார் என்பது பற்றி. நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மூச்சுத்திணறலும் படபடப்பும் மட்டும் இருக்கின்றன. படபடப்பைக் கேட்கும்போதும், உடலை வருத்தி வேலை செய்ததால் வந்ததைச் சேர்க்காதே என்று எச்சரிக்கை இருக்கிறது.

இன்றைக்கு நான் எடுப்பது இந்தத் தாளைத்தான். குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து படிகளில் தீவிரத்தையும் எண்ணிக்கையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நடுத்தரமாக அல்லது அடிக்கடி, கடுமையாக அல்லது எப்போதும் என்று போகும். மாதத்தில் ஒரே ஒரு தடவை, ஆனால் செத்தே போய்விடுவோம் என்கிற அளவுக்குப் பீதி வந்த அம்மாவுக்கு எதைப் போடுவது? அரிதாக என்று 1 போடலாம், கடுமையாக என்று 4-ம் போடலாம். நான் பெரிய எண்ணைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுதி வைப்பேன். வேறொருவர் வேறு மாதிரி செய்வார். மூன்றாம் பகுதியின் கடைசிக் கேள்வியில் விமானம், உயரம், சிலந்தி, ஊசி என்று உதாரணங்கள் வரும். சிலந்தி என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தாளைவிடப் பெரிய சிக்கல், பதில் சொல்வது யார் என்பது. நோயாளியின் குரல் தணிந்து போயிருக்கும். யோசித்து வாய் திறக்க நேரமாகும். அந்த இடைவெளியில் மகன் பதில் சொல்லிவிடுவார். "அப்பாக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், பயமே கிடையாது." அப்பா என்னைப் பார்ப்பார், முகத்தில் ஆமாவும் இராது, இல்லையும் இராது. வாசலில் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று மகனை அனுப்பினால்தான் வேலை நடக்கும். அதற்காக வீட்டாரின் சொல் வேண்டாம் என்பதில்லை. அவர்களைத் தனியாகக் கேட்பேன். நோயாளி சொன்னது ஒரு எண், வீட்டார் சொன்னது ஒரு எண் என்று இரண்டையும் எழுதுவேன். கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரமே ஒரு செய்தி.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் அந்த எண்ணை நான் உடனே நம்புவதில்லை. காரணத்தை ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

அவர் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோய் வந்து பல வருடம் ஆகிவிட்டது. முதல் தடவை காலை ஒன்பது மணி வாக்கில் வந்தார். நிதானமாகப் பேசினார். மதிப்பெண் குறைவு. கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியிருக்கலாம். எழுந்து போகும்போது அவர் மனைவி மட்டும் பின்தங்கி நின்றார்.

"பதினோரு மணிக்கு மேல வந்து பாத்தீகன்னாத் தெரியும் மேடம். என்னைய விட்டுப் போயிராதன்னு முந்தானையப் பிடிச்சுக்கிருவாக. கொல்லைப்பக்கம் போயித் துணி காயப்போட விட மாட்டாக. இப்படி ஒரு ஆம்பளையா இவுக, எத்தன வருசம் கவுன்ட்டர்ல கூட்டத்த மேச்சவுக!"

அடுத்த தடவை வேண்டுமென்றே பதினொன்றரைக்கு வரச் சொன்னேன். அதே மனிதர், அதே நாற்காலி, அதே 12 கேள்விகள். கைகள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தன. வார்த்தை வரவில்லை, நெற்றியில் வியர்வை. நெஞ்சு அடைக்கிறது, கதவைத் திறந்து வையுங்கள் என்றார். மதிப்பெண் முந்தையதைவிட மூன்று மடங்கு. மாத்திரையை விழுங்கிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "இப்ப கேளுங்க மேடம்" என்று சாதாரணமாகச் சொன்னார். இந்த மூன்றில் எதை அவருடைய பதற்றம் என்று எழுதுவது?

லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடுகிற மருந்து. நோயின் ஆரம்ப காலத்தில், மிச்சமிருக்கும் நரம்பு செல்கள் அதை வாங்கிச் சேமித்து நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்கும். வருடம் போகப் போகச் சேமிப்பு குறையும். அப்புறம் மாத்திரை போட்டால் 'ஆன்', தீர்ந்தால் 'ஆஃப்' என்று நாள் துண்டுதுண்டாகிவிடும். ஆஃப் என்றால் கை கால் இறுகுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பலருக்கு உடம்பு இறுகுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பயம் வந்துவிடுகிறது. இது 'மருந்து தீர்ந்துவிடுமே' என்கிற எண்ணத்தால் வருகிற பயம் மட்டுமல்ல. 1995-ல் மேரிக்கிள் என்பவரின் குழு, லெவோடோபாவையும் போலி மருந்தையும் எது என்று தெரியாமல் நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தது. மருந்தின் அளவுக்கு ஏற்ப மனநிலையும் பதற்றமும் மாறின. அங்கே எண்ணத்துக்கு வேலையில்லை.

அதனால் ரயில்வேக்காரரின் மனைவியிடம் ஒரு வேலை கொடுத்தேன். ராபர்ட் ஹவுசர் 2000-ல் வெளியிட்ட ஒரு வீட்டுக் குறிப்பேடு உண்டு. நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து, தூக்கமா, ஆனா, ஆஃபா என்று கட்டத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். அதில் பயத்துக்கு இடமில்லை. நான் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்து, பத்துக்கு எவ்வளவு பயம் என்று எழுதச் சொல்வேன். அச்சடித்த தாளை அவர் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பதிலாகத் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்கள், ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில்: '8 மாத்திரை. 8.45 நல்லாருக்காக. 11 முழிக்கிறாக. 11.20 கையைப் பிடிச்சாக. 12 மாத்திரை. பருப்பு சாதம். 1.30 வரை சரியில்ல.' முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் இவருடைய ஆஃப் நேரம்.

அந்தப் 'பருப்பு சாதம்' எனக்குப் பெரிய உதவி. புரதம் செரிந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக ஒரே வாசலுக்குப் போட்டி போடுபவை. சோற்றோடு சேர்த்து மாத்திரை போட்டால் அது தாமதமாகும், சில நாள் எடுபடாமலே போகும். மதியத் தாள்கள் எல்லாவற்றிலும் அது தெரிந்தது. கட்டை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு மாத்திரையின் இடைவெளியைச் சுருக்கினார். மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்தினார். ரயில்வேக்காரருக்கு அதுவரை ஒரு தூக்க மாத்திரையை யாரோ பதற்றத்துக்கென்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகை மாத்திரைகள் தள்ளாடுகிற காலை இன்னும் தள்ளாட வைப்பவை. நாள் முழுக்கப் பதற்றம் என்று வெறும் எண்ணாகப் போயிருந்தால் அதன் அளவு இன்னும் கூடியிருக்கும்.

மனிதர்களைக் கேட்டு ஏன் இத்தனை பாடு, ஒரு கருவியை மாட்டிவிட்டால் ஆகாதா என்று பயிற்சிக்கு வருகிற மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணிக்கட்டில் கட்டுகிற கருவிகள் நடுக்கத்தையும் மந்தத்தையும் நன்றாகவே பதிவு செய்கின்றன. பயத்துக்கு நாடித் துடிப்பையோ உள்ளங்கை வியர்வையையோ பார்க்கலாம் என்பார்கள். ஆனால் இந்த நோய் இதயத்துக்கும் தோலுக்கும் போகிற தன்னியக்க நரம்புகளையும் விட்டுவைப்பதில்லை. பயந்தாலும் நாடி ஏறாதவர் உண்டு. பயமே இல்லாமல் சட்டை நனைகிறவரும் உண்டு. போதாததற்கு உள்நடுக்கம் என்று ஒன்று. வெளியே விரல்கூட ஆடாது, ஆனால் 'உள்ள மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு' என்பார்கள். கேட்பவர்கள் மனப்பிரமை என்று தள்ளிவிடுவார்கள். அது நடுக்கமா, பதற்றமா, இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகிறதா என்று பிரிக்க எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. எத்தனை மணிக்கு வருகிறது, மாத்திரை போட்டதும் போகிறதா என்று கேட்டு எழுதுவது ஒன்றுதான் வழி.

தவிர்ப்பைப் பற்றிக் கேட்கும் அந்த மூன்று கேள்விகளுக்கு நான் மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பயம் இருக்கிறதா என்றால் இல்லை என்பவர்கள்கூட, எதையெல்லாம் நிறுத்திவிட்டீர்கள் என்றால் சொல்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போவார், பந்தியில் உட்கார மாட்டார். ரசம் ஒழுகுவதை எதிர்வரிசை பார்க்கும். மொய் எழுதுகிற இடத்தில் நிற்க மாட்டார். வங்கிக்குப் போக மாட்டார்; கையெழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்பளவு ஆகிவிட்டது, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்தவர் பார்க்கப் பார்க்க மனம் நெருக்கடிக்குள்ளாகி நடுக்கம் கூடும் என்பதும் உண்மை. நரம்பியல் மருத்துவர்கள் பரிசோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதே மறைந்திருக்கும் நடுக்கத்தை வெளியே இழுக்கத்தான். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை வைத்துக் கொடுப்பதென்றால், விரலைக் கருவியில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். பின்னால் வரிசை நிற்கும். பார்க்கின்சன் உள்ளவரைப் படுத்துவதற்கென்றே யாரோ திட்டமிட்ட காட்சி போல இருக்கும் அது.

எல்லாத் தவிர்ப்பையும் பதற்றம் என்று எழுதிவிடவும் முடியாது. குளியலறையில் இரண்டு தடவை விழுந்த பாட்டி தனியாகக் குளிக்கப் போக மாட்டேன் என்றால் அது கோளாறா, புத்தியா? தாளில் இதற்கு விடை கிடையாது. நான் வைத்திருக்கிற சோதனை இதுதான்: மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில், துணைக்கு ஆள் இருந்து, தரையும் சமமாக இருக்கும்போதும் மறுக்கிறாரா? மறுத்தால் மதிப்பெண் போடுவேன். இல்லையென்றால் கைப்பிடி பொருத்தச் சொல்லி எழுதுவேன். பயம் காலைக் கட்டுகிறது என்பதும் வெறும் பேச்சில்லை. கனடாவில் 2014-ல் நோயாளிகளுக்கு மெய்நிகர் கண்ணாடி மாட்டி ஒரு பலகையின் மேல் நடக்கவிட்டார்கள். தரையில் கிடக்கிற பலகையாகத் தெரிந்தபோது நடந்தவர்கள், ஆழமான பள்ளத்துக்கு மேலே இருப்பதாகத் தெரிந்தபோது அதிகமாக உறைந்து நின்றார்கள். இரண்டு தடவையும் அவர்கள் நடந்தது அறையின் சமதரையில்தான்.

இப்போது என் அறிக்கையில் மதிப்பெண் கீழேதான் இருக்கும். அதற்கு மேலே, கேட்ட நேரம், கடைசி மாத்திரை போட்ட நேரம், அப்போது ஆனா ஆஃபா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதியிருக்கும். மூன்று பகுதிகளையும் கூட்டாமல் தனித்தனியாகக் கொடுப்பேன். புதிதாக வந்த ஓர் இளம் மருத்துவர், ஒரே எண்ணாகக் கொடுங்களேன், கணினியில் ஏற்ற வசதியாக இருக்கும் என்றார். கூட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை, நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ரயில்வேக்காரரைப் பிறகு அதே பதினொன்றரை மணிக்கு மறுபடி பார்த்தேன். பீதிப் பகுதியில் எண் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தவிர்ப்புப் பகுதியில் ஒன்றுகூடக் குறையவில்லை. மாத்திரை நேரம் மாறினாலும், வங்கி என்றால் மகனை அனுப்புவது மாறவில்லை. அது மருந்தால் போகிறதில்லை. படிப்படியாகப் பழக்க வேண்டியது. முதலில் வங்கி வாசல் வரை, பிறகு கூட்டமில்லாத நேரத்தில் உள்ளே, பிறகு கவுன்ட்டர் என்று போய்க்கொண்டிருக்கிறோம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகியவருக்கு இந்தப் பக்கம் நிற்பது புதுசு என்று அவரே கிண்டலடித்தார். இந்த நவம்பரில் ஆயுள் சான்றுக்கு மகன் வேண்டாம், நானே போகிறேன் என்றிருக்கிறார். எட்டு மணி மாத்திரையை அன்றைக்கு மட்டும் ஒன்பதேகாலுக்குத் தள்ளலாமா, வங்கி திறக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்குமே என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அந்த அம்மா நாட்காட்டித் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.